இரண்டாம் ஈத்து

ஹிஸ்கே வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் குப்பிப் பால் வந்து இறங்கும். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் எந்தப் பண்ணையில் எந்த மாடு கறந்தாலும் அதிலிருந்து ஒரு விரல் உயரப் பால் அங்கே வந்தாக வேண்டும். கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா என்று இயந்திரம் சொன்ன பிறகுதான் பண்ணைக்காரருக்கு நிம்மதி. வேலை பார்த்த இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்கள். பால் என்றால் உயிரை விடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் தன் பாலைப் பிழிந்து வைத்துக்கொள்ள ஓர் அறை இல்லை என்று சொன்னால் வெளியாள் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதது அவர்களுடைய நல்ல மனசு.

குழந்தை பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. ஹிஸ்கேவின் கணவன் ஆர்யென் ஊர் வழக்கப்படி வெண்ணெய் தடவி, இளஞ்சிவப்பு சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்குகளைத் தட்டுத் தட்டாக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லோரும் தின்றார்கள். பெண் குழந்தையா, பேர் ரிக்ஸ்ட்டா, நல்ல பேர் என்றார்கள். ரிக்ஸ்ட் என்று ஒருத்தி இருப்பதில் அலுவலகத்தில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. அவள் எதைக் குடிக்கிறாள் என்பதில்தான் தகராறு.

மூன்று மாதம் கழித்து ஹிஸ்கே வேலைக்குத் திரும்பினாள். மூத்தவன் யெல்மர் பிறந்தபோது வேறோர் இடத்தில் வேலை பார்த்தாள். அங்கே திரும்பிப் போன ஒரே மாதத்தில் பால் வற்றிவிட்டது. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்தத் தடவை ஒரு வருஷம் கொடுத்தே தீருவது என்று வைராக்கியமாக இருந்தாள். வைராக்கியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிக்ஸ்ட்டுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. மாவுப்பால் ஒரு வாய் போனாலே உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். மருத்துவர் வேறு ஏதோ விசேஷ மாவு எழுதிக் கொடுத்தார். ரிக்ஸ்ட் அதை முகர்ந்து பார்த்தே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வாயில் வைத்தால் துப்பினாள். பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையைப் பெற்றிருக்கிறோம் என்பதை ஹிஸ்கே அலுவலகத்தில் வெளியே சொல்லவில்லை. அது சொல்லக்கூடிய இடம் இல்லை.

மேலாளர் பெயர் வீப்ரன். அவரையும் பெயர் சொல்லி, நீ, வா, போ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அதனால் அவர் மேலாளர் இல்லை என்று ஆகிவிடாது. நல்ல மனிதர். யாரிடமும் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேசுவோம் என்பார். ஹிஸ்கே முதல் நாளே போய்ச் சட்டத்தைச் சொன்னாள். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் கால் பங்கு வரை பால் எடுக்க உரிமை உண்டு, சம்பளம் பிடிக்கக் கூடாது, தாழ்ப்பாள் போட்ட அறை ஒன்று தர வேண்டும். வீப்ரன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சட்டம் ரொம்ப நல்ல சட்டம் என்றார். ஒரு குழு போட்டுவிடலாம் என்றார்.

குழுவில் எட்டுப் பேர். மூன்று தடவை கூடினார்கள். ஹிஸ்கேவின் மார்பைப் பற்றி எட்டுப் பேர் காபி குடித்துக்கொண்டு, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடாமல், மரியாதையாக விவாதித்தார்கள். கூட்ட அறைக்குச் சுற்றிலும் கண்ணாடி, ஆகாது. பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குப் பூட்டு இல்லை. பூட்டும் தண்ணீர்க் குழாயும் இருக்கிற அறை அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்று, வீப்ரனுடையது. அதை யாரும் வாயில் எடுக்கவில்லை, வீப்ரன் உட்பட. கடைசியில் தற்காலிகமாகக் கீழ்த்தளத்துக் கழிப்பறை என்று முடிவானது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கானது, விசாலமானது, காற்றோட்டம் உண்டு என்று வீப்ரன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

எடுத்த பாலை எங்கே வைப்பது என்பது இரண்டாம் கூட்டம் முழுவதையும் தின்றது. சாப்பாட்டு அறைக் குளிர்பெட்டியில் வைக்கலாமே என்றாள் ஹிஸ்கே. யோரிட் ஒப்புக்கொள்ளவில்லை. பால் மாதிரிகளை வண்டியிலிருந்து இறக்குகிறவன், தினம் ஒரு லிட்டர் மோர் குடிப்பவன், மோரை அந்தப் பெட்டியில்தான் வைப்பான்.

“என் மோருக்குப் பக்கத்துல வேணாம். தப்பா நினைக்காத ஹிஸ்கே. அது மனுஷ உடம்புலருந்து வர்றது” என்றான்.

“மோர் எதுலருந்து வருது யோரிட்?”

“அது வேற.”

வேறுதான் என்று பாதுகாப்புக் கையேடும் சொன்னது. எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். மாட்டிலிருந்து வருவது ‘பொருள்’. மனிதரிலிருந்து வருவது, இரத்தம், சிறுநீர் வகையறாவோடு சேர்த்து, ‘உடல் திரவம்’. முந்தையது குடிக்கத் தகுந்தது. பிந்தையது மஞ்சள் மூடி போட்டு எரிக்க வேண்டியது. டீனெகே, முப்பத்தொரு வருஷமாக அங்கே இயந்திரம் ஓட்டுகிறவள், அறுபதைத் தாண்டியவள், தன் மூன்று பிள்ளைகளும் மாவுப்பாலில் வளர்ந்தவைதான், மூன்றும் ஆறடி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னல் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் கூட்டத்தில் வீப்ரனுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. மாதிரிகளை வைக்கும் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைக்கலாம். ஆனால் பார்கோடு ஒட்டாத எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது என்பது விதி. அதனால் என்ன, ஹிஸ்கேவும் ஒரு பார்கோடு ஒட்டிக்கொள்ளட்டும். எல்லோருக்கும் திருப்தி. யாருக்கும் நஷ்டமில்லாத முடிவு என்றால் அவர்கள் முகத்தில் ஒரு களை வரும், அது வந்தது. ஹிஸ்கே சரி என்றாள். களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

அப்படியே ஆறு வாரம் ஓடியது. பத்தரைக்கு ஒரு தடவை, இரண்டரைக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும் என்பது கணக்கு. பத்தரைக்கு மீட்டிங் முடிந்தால் பத்தரை, பதினொன்றரைக்கு முடிந்தால் பதினொன்றரை. கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்து பம்பைப் பொருத்தி, கண்ணை மூடி, ரிக்ஸ்ட்டின் பிடரி மயிரை நினைத்துக்கொள்வாள். பால் இறங்க வேண்டுமென்றால் மனசு இறங்க வேண்டும். இறங்கப்போகிற நேரத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். இன்னும் ரொம்ப நேரம் ஆகுமா என்று வெகு பணிவாகக் கேட்பார்கள். ஒரு நாள் கதவுக்கு வெளியே யாரோ மாடு மாதிரி அம்மா என்று கத்தினார்கள். தத்ரூபமாக இருந்தது. பண்ணையில் வளர்ந்தவர்கள் அல்லவா. கூடவே இரண்டு பேர் சிரிக்கும் சத்தமும் கேட்டது. அன்றைக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

முதல் வாரத்தில் ஒரு தடவைக்கு நூற்றிநாற்பது மில்லி வந்துகொண்டிருந்தது. அது நூற்றிப்பத்தானது, தொண்ணூறானது, அறுபதானது. வீட்டில் ரிக்ஸ்ட் குடித்து முடித்த பிறகும் வாயை எடுக்காமல் இழுத்து இழுத்துப் பார்த்து, பிறகு அழுதாள். யெல்மரும் இப்படித்தான் அழுதான். ஹிஸ்கே பயந்துபோனாள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் முடிந்தது கதை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை இது நடந்தது. மத்தியானம் டீனெகே அடித்தட்டுவரை கைவிட்டு எல்லா மாதிரியையும் எடுத்தாள். பார்கோடு இருந்தால் எடுக்க வேண்டும், எடுத்தால் ஓட்ட வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அவள் செய்கிற வேலை அது. குப்பியை நாற்பது டிகிரிக்குச் சுட வைத்து, மூடியைத் திறந்து, வரிசையில் வைத்துவிட்டாள். மீட்டிங்கால் தள்ளிப்போன இரண்டாம் தடவைப் பாலை வைக்க மூன்றரைக்கு வந்த ஹிஸ்கே பெட்டியைத் திறந்தால் காலையில் எடுத்த பால் இல்லை. இயந்திரத்துப் பக்கம் போனாள். டீனெகே ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“இது உன்னோடதா பொண்ணே?”

“ஆமா.”

“புரதம் ஒண்ணு புள்ளி ஒண்ணு. பாதி கூட இல்ல, மூணுல ஒரு பங்குதான். மிஷின் தானா மூணு தடவை ஓட்டிப் பாத்துச்சு. மூணு தடவையும் இது பாலே இல்லைன்னுடுச்சு.”

மிச்சமிருந்த பால் குப்பியில் வெதுவெதுவென்று, திறந்தபடி, பத்துப் பேர் நடமாடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இனி குழந்தைக்குக் கொடுக்க முடியாது. அறுபது மில்லி. ஹிஸ்கேவுக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் முன்னால் அழுகிறோமே என்று கோபமும் வந்தது. அழுகையும் கோபமுமாக, எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தது தெரியுமா, எங்கே உட்கார்ந்து எடுத்தது தெரியுமா, வரவர எவ்வளவு குறைந்துபோச்சு தெரியுமா என்று கொட்டிவிட்டாள். டீனெகே சமாதானம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து நாலு பக்கப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

“மிஷின் ஃபைலைத் திறந்துடுச்சு. திறந்த ஃபைலைத் தூக்கிப் போட முடியாது, உனக்கே தெரியும். பால் குடுத்தவங்க படிவம் நிரப்பினாத்தான் மூடலாம். நிரப்பிக் குடு.”

“இது பண்ணைக்காரங்க நிரப்புறது டீனெகே.”

“யார் பாலு?”

“என்னோடது.”

“அப்ப நிரப்பு. உள்ளதை உள்ளபடி எழுது. பொய் எழுதினா அபராதம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று ஹிஸ்கே முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

வீட்டுக்குப் போய் ரிக்ஸ்ட்டைத் தூங்க வைத்துவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினாள். கறவை உருப்படிகள் எத்தனை என்று கேட்டிருந்தது. ஒன்று என்று எழுதினாள். எத்தனையாவது ஈத்து? இரண்டாம் ஈத்து. கன்றை விட்டுப் பிரித்து வைப்பது உண்டா என்ற கேள்விக்கு, வாரத்தில் நாலு நாள், தினம் ஒன்பது மணி நேரம் என்று எழுதினாள். இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. கறக்கும் இடத்தை விவரிக்கவும் என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்திலேயே சிறிய எழுத்தில் நெறிமுறை அச்சாகியிருந்தது. கறவை இடம் சுத்தமாகவும், அமைதியாகவும், பிறர் நடமாட்டம் இல்லாமலும் இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் கறக்க வேண்டும். கறக்கும்போது மிரட்டவோ, அவசரப்படுத்தவோ, சத்தம் போடவோ கூடாது. இதை அவளே எத்தனையோ பண்ணைக்காரர்களுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். இன்றைக்குத்தான் படித்தாள். டீனெகே சொன்னபடி உள்ளதை உள்ளபடி எழுதினாள், ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லோரும் ஒன்றாகக் காபி குடிப்பார்கள், ஆளுக்கு ஒரு பிஸ்கட். போன வாரத்திலேயே மோசமான பண்ணை எதுவோ, அதன் படிவத்தை வீப்ரன் வாசிப்பார். நாம் பார்ப்பது வெறும் எண்கள் இல்லை, அதற்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது என்று எல்லோரும் உணர வேண்டும் என்பதற்காக அவர் ஏற்படுத்திய பழக்கம். பெயரைச் சொல்லமாட்டார். பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அவரும் அதுவரை பார்க்கமாட்டார். அன்றைக்கு டீனெகே கொடுத்த தாள்களை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“புரதம் ஒண்ணு புள்ளி ஒண்ணு” என்று ஆரம்பித்தார்.

“குதிரை” என்றான் யோரிட். “குதிரைப் பால் குடிக்கிறது இப்ப ஒரு மோஸ்தர்.”

ஓர் உருப்படி, இரண்டாம் ஈத்து என்று வீப்ரன் வாசித்துக்கொண்டே போனார். கறக்கும் இடம், கழிப்பறை. வாசித்தவர் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை அந்த வரியைப் பார்த்தார்.

“கழிப்பறையிலயா? குதிரை எப்படி உள்ள போகும்?” என்றது ஒரு குரல்.

“சின்ன ஜாதியா இருக்கும்” என்றான் யோரிட். “அதுக்காகக் கழிப்பறையில கட்டுவானா ஒருத்தன்? ஈ மொய்க்கும். வியாதி வரும்.”

வீப்ரன் மேலே படித்தார். கறக்கும் நேரம் நிலையாக இல்லை, மற்றவர்களின் அலுவலைப் பொறுத்து ஒரு மணி நேரம் வரை தள்ளிப்போகும். கறந்துகொண்டிருக்கும்போது ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். கதவுக்கு வெளியே நின்று விலங்கு மாதிரி சத்தம் எழுப்பிச் சிரித்ததும் உண்டு, ஒரு தடவை. அந்த மாதிரி சமயங்களில் பால் இறங்குவதில்லை. ஆறு வாரத்தில் பாலின் அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது. கன்று வயிறு நிறையாமல் அழுகிறது.

யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. இரண்டு பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மாட்டுக்கு மனசு உண்டு என்று அறிந்தவர்கள் அவர்கள். சின்ன வயதில் தொழுவத்தில் அப்பாவோடு நின்று, மூச்சு விடாமல், பால் இறங்குவதற்குக் காத்திருந்தவர்கள். ஹிஸ்கே அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழு வாரமாகக் கெஞ்சியதற்கு வராத இரக்கம், முகமே தெரியாத ஒரு குதிரைக்கு ஏழு நிமிஷத்தில் வந்துவிட்டது.

“எந்த நாய் அப்படி வெளிய நின்னு கத்துனது?” என்றான் யோரிட். அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “அந்தாள்கிட்டருந்து அதைப் பிடுங்கிடணும் வீப்ரன். இன்னைக்கே. பாவம், வாயில்லா ஜீவன்.”

“வாய் இருக்கு யோரிட்” என்றாள் ஹிஸ்கே. “மூணு மீட்டிங்ல பேசிச்சு. கத்துனது நீதான். உன் குரல் எனக்குத் தெரியாதா?”

வீப்ரன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பண்ணையின் முகவரி என்ற இடத்தில் அந்தக் கட்டடத்தின் முகவரி இருந்தது. பண்ணைப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. இதற்கு மேல் அன்றைக்கு யாரும் எதுவும் வாசிக்கவில்லை. யோரிட் தரையைப் பார்த்தபடியே எழுந்தான். காபிக் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போய்விட்டான். அவன் கோப்பை கழுவி யாரும் பார்த்ததில்லை.

வீப்ரன் கொஞ்ச நேரத்தில் தெம்பு வந்து, இது ரொம்ப முக்கியமான விஷயம், குழு மறுபடியும் கூடிப் பேசலாம் என்றார்.

“நெறிமுறையில இருபத்திநாலு மணி நேரம்னு இருக்கு” என்றாள் டீனெகே, பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல். “அதுக்குள்ள சரி பண்ணலன்னா அந்த இடத்துலருந்து பால் வாங்கக் கூடாது. மூடிடணும். நீதான் எழுதுன.”

இருபத்திநாலு மணி நேரம் தேவைப்படவில்லை. பத்தரைக்கு முன்பே வீப்ரன் தன் கணினியையும் பிறந்த நாளுக்கு வந்த மூன்று பூந்தொட்டிகளையும் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குக் குடிபோனார். ஹிஸ்கே அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு பால் எடுத்தாள். எழுபது வந்தது. அடுத்த வாரம் எண்பது. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றைந்து. அதோடு நின்றுவிட்டது. பழைய நூற்றிநாற்பது திரும்பி வரவே இல்லை. ரிக்ஸ்ட்டுக்கு அது போதாது, ஆனால் போதாததை வேகவைத்த காரட்டையும் பேரிக்காயையும் மசித்து ஈடுகட்ட முடிந்தது. யெல்மருக்கு நடந்தது அவளுக்கு நடக்கவில்லை. பாதி கிணற்றைக் காப்பாற்றியாயிற்று, மீதி போனது போனதுதான்.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம் வீப்ரன் வந்து தன் சொந்த அறையின் கதவைத் தட்டினார். கையில் அந்தக் கோப்பு. அதை மூடியாக வேண்டும், மார்ச் மாதம் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டார், ஒன்று மட்டும் பாக்கி. ‘பால் குறைந்ததற்குக் காரணம்’ என்ற இடம். அவர் கொஞ்சம் இருமினார்.

“மாதிரி மாறிப்போச்சுன்னு போட்டுக்கலாமா? நடந்ததும் அதுதானே. உனக்குத்தான் இப்ப ரூம் கிடைச்சாச்சே ஹிஸ்கே.”

“ரூம் சட்டப்படி கிடைச்சது. நீ குடுத்தது இல்ல.”

“சரி. அப்ப என்ன எழுதுறது?”

“பண்ணையில இப்படி நடந்தா அந்த இடத்துல என்ன எழுதுவோம்?”

வீப்ரனுக்குத் தெரியும். பராமரிப்பில் குறை என்று போட்டு, பொறுப்பாளர் பெயரை எழுதுவார்கள். நூற்றுக்கணக்கான பண்ணைக்காரர்கள் பெயரை அவர் அப்படி எழுதியிருக்கிறார், ஒரு தடவையும் கை நின்றதில்லை. இப்போது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பால் வண்டி பின்னோக்கி வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹிஸ்கே அவசரப்படுத்தவில்லை, சத்தம் போடவில்லை. கடைசியில் குனிந்து எழுதினார், முழுப் பெயரையும்.

மணி இரண்டரை ஆகியிருந்தது. ஹிஸ்கே கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னாள்.